தூத்துக்குடி எக்ஸ்பிரசும் ஒரு ராஜினாமாக் கடிதமும்

சென்னை எழும்பூரிலிருந்து சாயங்காலம் கிளம்பும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டும்போது பெட்டியில் பாதிப் பேர் நல்ல தூக்கத்தில் இருப்பார்கள். ஊருக்குச் சற்று தெற்கே மருதையாறு. கோடையில் பார்த்தால் இதுவும் ஓர் ஆறா என்று தோன்றும். 1956 நவம்பரில் அது பெருமழை கண்டு கரை கொள்ளாமல் ஓடிக்கொண்டிருந்தது. 22ஆம் தேதி இரவு எழும்பூரிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், மறுநாள் விடியும் வேளையில் அந்த ஆற்றுப் பாலத்தில் ஏறியது. வெள்ளத்தில் பலமிழந்திருந்த பாலம் தாங்கவில்லை. எஞ்சினும் ஏழு பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. இறந்தவர்கள் ஏறக்குறைய 150 பேர் என்று பெரும்பாலான கணக்குகள் சொல்கின்றன, அதற்கு மேலும் சொல்வார்கள். திருச்சிக்கும் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் வீடு வந்து சேர வேண்டியவர்கள்.

அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. விபத்துக்குத் தாமே பொறுப்பு என்று சொல்லிப் பிரதமர் நேருவிடம் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். டிசம்பர் 7ஆம் தேதி பதவியை விட்டு இறங்கினார். இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த கதைதான். ஆனால் கதை தெரிந்த அளவுக்கு அதன் காரணம் நம்மில் பலருக்குப் பிடிபடவில்லை. டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தால் இரண்டு குரல்கள் எழும். “பாலத்தை அவரா கட்டினார்? மழையை அவரா பெய்யச் சொன்னார்? அவர் எதுக்கு விலகணும்?” என்பது ஒன்று. “விலகிட்டார்னா, உள்ளே ஏதோ தப்பு இருந்திருக்கும்” என்பது இன்னொன்று. கேட்க எதிரெதிராகத் தோன்றும் இந்த இரண்டும் ஒரே நினைப்பிலிருந்து வருபவை: ராஜினாமா என்றால் குற்றத்தை ஒத்துக்கொள்வது. எல்லோருக்கும் இருக்கும் இந்த ஒரு தவறான எண்ணத்தைத்தான் இன்று டீ ஆறுவதற்குள் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில், சாஸ்திரி எதை விட்டு விலகினார்? அமைச்சர் பதவியை மட்டும்தான். அவர் அப்போது மாநிலங்களவை உறுப்பினர். அந்தப் பொறுப்பு அப்படியேதான் இருந்தது. அமைச்சர் ராஜினாமா செய்தாலே எம்.பி. பதவியும் போய்விடும், உடனே இடைத்தேர்தல் வரும் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அப்படி இல்லை. எம்.பி. பதவியை விடுவதென்றால் கடிதம் அந்த அவையின் தலைவருக்குப் போக வேண்டும். மக்களவை என்றால் சபாநாயகருக்கு, மாநிலங்களவை என்றால் அதன் தலைவரான குடியரசுத் துணைத் தலைவருக்கு. அமைச்சர் பதவியை விடும் கடிதம் பிரதமரிடம் போகும், அவர் பரிந்துரையோடு அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்புவார். பிரதமரின் ஆலோசனையின்படி அமைச்சரை நியமிக்கிறவர் குடியரசுத் தலைவர் என்று அரசமைப்புச் சட்டத்தின் 75ஆவது பிரிவு சொல்கிறது. வந்த வழியிலேயேதான் திரும்பிப் போவதும்.

இந்த வழியில் நாம் கவனிக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. கடிதம் நடுவில் பிரதமரின் மேசையில் நிற்கிறது. “வேண்டாம், நீங்கள் தொடருங்கள்” என்று அவர் சொல்லலாம். சாஸ்திரி விஷயத்தில் நேரு ஏற்கெனவே ஒருமுறை அப்படிச் சொல்லியிருந்தார். அரியலூருக்குச் சில மாதங்கள் முன்பு, அன்றைய ஐதராபாத் மாநிலத்து மகபூப்நகர் அருகே ஒரு ரயில் பாலம் இடிந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போதும் சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. சாஸ்திரியும் வேலைக்குத் திரும்பினார். அரியலூருக்குப் பிறகு கொடுத்தது அதே ஆண்டின் இரண்டாவது கடிதம். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமான செய்தியாகப் படுவது இதுதான். முதல் கடிதம் ஏற்கப்படாமல் திரும்பிய ஒரு மனிதருக்கு இரண்டாம் முறை சும்மா இருந்துவிட எல்லாச் சாக்கும் இருந்தது. ‘முன்பே கொடுத்துப் பார்த்தேன், பிரதமர்தான் விடவில்லை’ என்று சொல்லியிருந்தால் ஊர் ஒத்துக்கொண்டிருக்கும்.

இனி அந்தத் தவறான எண்ணத்துக்கு வருவோம். ஒரு பெரிய விபத்து நடந்ததும் நம் முன்னால் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. எப்படி நடந்தது என்பது ஒன்று. யார் பதில் சொல்வது என்பது மற்றொன்று. நாம் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறோம்.

தூத்துக்குடியின் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியை நினைத்துக்கொள்வோம். தோணிக்குத் தலைவர் தண்டல். கடலில் போனபின் சரக்கும் ஆட்களும் அவர் பொறுப்பு. ராத்திரி அவர் கண்ணயர்ந்த நேரத்தில், சுக்கானைப் பிடித்திருந்தவர் கவனம் தப்பித் தோணி தரைதட்டி விட்டது என்று வையுங்கள். கரைக்கு வந்ததும் தோணி முதலாளி யாரைக் கூப்பிட்டுக் கேட்பார்? தண்டலைத்தான். “நான் தூங்கிக்கிட்டிருந்தேன், அவன்தான் பிடிச்சிருந்தான்” என்று தண்டல் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அது பதிலாகாது. யார் கை தவறியது என்பதைப் பிறகு விசாரித்துக்கொள்ளலாம். முதலாளி முன்னால் வந்து நிற்க வேண்டியவர் தண்டல்தான் என்பதில் எந்தத் தோணிக்காரருக்கும் சந்தேகம் வராது. தண்டல் தப்பு செய்தார் என்று யாரும் சொல்லவும் இல்லை.

அமைச்சரின் நிலையும் அதுவே. ரயில்வேயில் பல லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். பாலத்தைப் பார்வையிடும் பொறியாளர், தண்டவாளத்தில் நடந்து சோதிக்கும் ஊழியர், வெள்ளச் செய்தியை அடுத்த நிலையத்துக்குச் சொல்ல வேண்டியவர் என்று ஒவ்வொரு படியிலும் ஆள் உண்டு. இவர்களில் ஒருவரையும் நீங்களும் நானும் தேர்ந்தெடுக்கவில்லை, நாடாளுமன்றத்துக்குள் கூப்பிட்டுக் கேட்கவும் முடியாது. அத்தனை பேருக்கும் சேர்த்து மக்கள் பிரதிநிதிகள் முன்னால் எழுந்து நின்று பதில் சொல்ல ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அமைச்சர் என்ற பதவியை வைத்திருப்பதே அதற்காகத்தான். அமைச்சரவை முழுவதும் சேர்ந்து மக்களவைக்குப் பொறுப்பு என்று அரசமைப்புச் சட்டம் எழுத்தில் சொல்கிறது. தனித்தனி அமைச்சர் தத்தம் துறைக்குப் பொறுப்பு என்பது எழுதாத மரபு. எழுதாததால், அதை யாராவது செய்து காட்டினால்தான் அது உயிரோடு இருக்கும்.

அப்படியானால் ‘எப்படி நடந்தது’ என்ற முதல் கேள்வியை யார் பார்க்கிறார்கள்? இதற்கென்று தனி ஏற்பாடு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் விஷயம் இன்னும் தெளியும். இந்தியாவில் ரயில் விபத்தை விசாரிப்பவர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். முன்பு ரயில்வே ஆய்வாளர் என்று பெயர். இவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார்! ரயில் கவிழ்ந்ததை விசாரிக்கிறவர் விமானத் துறையில் ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்பீர்கள். ரயிலை ஓட்டுகிறவர்களே ரயில் விபத்தையும் விசாரித்தால் உண்மை வெளியே வருமா என்ற சந்தேகம் வெள்ளைக்காரர் காலத்திலேயே எழுந்தது. அதனால் 1941இல் இந்த ஆய்வாளர்களை ரயில்வே வாரியத்திடமிருந்து பிரித்து, அன்று தபாலையும் விமானத்தையும் பார்த்துக்கொண்டிருந்த துறையிடம் விட்டார்கள். அந்தப் பிரிவினை இன்றுவரை நீடிக்கிறது.

ஆக, காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலை அமைச்சரின் கைக்கு வெளியே நடக்கிறது. பாலத்தின் அடியில் மண் அரித்ததா, கண்காணிப்பில் குறையா, அந்தக் காலத்தில் கட்டிய பாலத்துக்கு அவ்வளவு வெள்ளம் எதிர்பார்க்கப்படவில்லையா என்பதெல்லாம் அங்கே அலசப்படும். அமைச்சரின் ராஜினாமா அந்த விசாரணைக்கு முடிவுரை எழுதுவதில்லை. அது இரண்டாவது கேள்விக்கு மட்டுமே பதில்.

இதை அன்று நேருவே நாடாளுமன்றத்தில் விளக்கினார். விபத்துக்குச் சாஸ்திரி எந்த வகையிலும் காரணமில்லை, ஆனாலும் அரசமைப்பு முறையில் இது ஒரு நல்ல முன்மாதிரியாக இருக்கும், நடப்பது நடக்கட்டும் என்று நாம் இருந்துவிடுகிறோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதனால் ஏற்றுக்கொள்கிறேன் என்பது அவர் பேச்சின் சாரம். சாஸ்திரியின் நேர்மையை அவர் மனம் நிறையப் புகழவும் செய்தார். குற்றவாளி என்று நினைக்கிற ஒருவரை யாரும் இப்படி வழியனுப்புவதில்லை. ‘தப்பு செய்தவன்தான் விலகுவான்’ என்பதற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேட வேண்டியதில்லை.

இந்த இடத்தில் கெட்டிக்காரரான நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். கேட்கவும் வேண்டும். பொறுப்பு என்றால் இருந்து சரிசெய்வதுதானே? பாதியில் விட்டுப் போவது தப்பித்துக்கொள்வது ஆகாதா? இரண்டு பாலங்கள் விழுந்த பிறகு, நாடு முழுக்கப் பாலங்களைச் சோதிக்கும் வேலை காத்துக் கிடக்கும்போது, நான்கரை ஆண்டு அனுபவமுள்ள ஓர் அமைச்சர் கிளம்பிப் போவது ரயில்வேக்கு நட்டம் இல்லையா?

ராஜினாமாவுக்கு எதிராகச் சொல்லப்படுவதில் மிக வலுவான வாதம் இதுதான், இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் பாலத்தைச் சோதிப்பதும் பழுது பார்ப்பதும் பொறியாளர்களின் வேலை. அமைச்சர் மாறியதால் அது நிற்காது. சாஸ்திரி போன அன்றே ஜகஜீவன் ராம் ரயில்வேயை ஏற்றார், 1962 வரை அவர்தான் பார்த்தார். அமைச்சர் இருந்தும் செய்ய முடியாத, விலகினால் மட்டுமே நடக்கிற ஒன்று உண்டு. மேலே உள்ள ஒருவர் தம் நாற்காலியை விட்டுக் கொடுத்தார் என்று துறை முழுவதும் பார்க்கிறது. கீழே எங்கோ ஒரு நிலையத்தில் ‘பாலத்தைப் பார்த்தாயிற்று’ என்று பதிவேட்டில் எழுதப்போகிற ஒருவர் அதற்கு முன் ஒருமுறை நிஜமாகவே போய்ப் பார்க்கிறார். இதை எந்தச் சுற்றறிக்கையாலும் செய்விக்க முடியாது என்பது என் எண்ணம். அதோடு, விசாரணை அறிக்கை யார் மேசைக்கு வரப்போகிறதோ அவர் புதியவர். அவருக்குக் காப்பாற்றிக்கொள்ளப் பழைய முடிவு ஏதும் இல்லை.

இருந்து சரிசெய்கிறேன் என்று சொல்வதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதை எந்த அமைச்சரும், எந்த நேரத்திலும், எந்த விபத்துக்குப் பிறகும் சொல்லலாம். அது உண்மையா என்று சோதிக்க நமக்கு வழியே கிடையாது.

அடுத்த சந்தேகம், காலத்தைப் பற்றியது. இரண்டாவது பொதுத்தேர்தல் 1957 பிப்ரவரி, மார்ச்சில் நடந்தது. ராஜினாமாவோ 1956 டிசம்பரில். எப்படியும் சில மாதத்தில் முடியப்போகிற பதவிதானே, இதில் என்ன தியாகம் என்று கேட்பவர்கள் உண்டு. நான் இதைத் தலைகீழாகப் பார்க்கிறேன். தேர்தல் வாசலில் நிற்கும்போதுதான் ராஜினாமா அதிகம் சுடும். ‘பார்த்தீர்களா, அவர்களே ஒத்துக்கொண்டார்கள்’ என்று எதிர்க்கட்சி மேடை போட்டுப் பேச வழி கிடைக்கும். பேசவும் பேசினார்கள். ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் நம் மாநிலத்து ஓ. வி. அழகேசன். அந்தத் தேர்தலில் தி.மு.க.வினர் அரியலூரையும் அவர் பெயரையும் எதுகையோடு சேர்த்து எழுப்பிய முழக்கம் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. இன்றும் வயதானவர்கள் அதைத் தாளம் தப்பாமல் சொல்வார்கள். அழகேசன் செங்கல்பட்டில் தோற்றார். சாஸ்திரி அலகாபாத்தில் நின்று வென்றார், 1957 ஏப்ரலில் போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சராக வந்தார். ரயில்வே மட்டும் அவருக்குத் திரும்பி வரவேயில்லை.

நாலு மாதத்தில் மறுபடி அமைச்சர் ஆகிவிட்டாரே, அப்படியானால் அது வெறும் நாடகமா? ராஜினாமாவைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டால்தான் இந்தச் சந்தேகம் வரும். சாஸ்திரி தண்டனை அனுபவிக்கப் போகவில்லை. எந்தத் துறையில் உயிர்கள் போயினவோ அந்தத் துறையின் நாற்காலியை விட்டார். நடுவில் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். பிறகு வேறொரு துறையை ஏற்றார். இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை.

நம் கரைக்குப் பக்கத்தில் இன்னொரு ராஜினாமாவும் இருக்கிறது. வேறு மாதிரியானது, அதனாலேயே ஒப்பிட உதவும். டி. டி. கிருஷ்ணமாச்சாரி, டி.டி.கே. என்றால் சட்டென்று தெரியும், 1957இல் மத்திய நிதியமைச்சர். அரசுக்குச் சொந்தமான எல்.ஐ.சி. நிறுவனம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற வணிகரின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்கு வாங்கியது. அன்றைக்கு அது மலைக்க வைக்கிற தொகை. இதை மக்களவையில் கிளப்பியவர் ஆளுங்கட்சிக்காரரும் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தி. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா விசாரித்தார். எல்லாம் பொதுமக்கள் முன்னிலையில், சில வாரங்களிலேயே முடிந்தது. தமக்குத் தெரிந்து நடக்கவில்லை, தாம் ஒப்புதல் தரவில்லை என்பது டி.டி.கே.யின் நிலை. துறையின் செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே முழுப் பொறுப்பு, அதிகாரியின் பின்னால் ஒதுங்க முடியாது என்பது சாக்ளாவின் முடிவு. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. விலகினார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொறுப்பின் தத்துவம் இரண்டிலும் ஒன்றுதான்: கீழே இருப்பவர் செய்ததற்கு மேலே இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் சாஸ்திரி யாரும் தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே விலகினார். டி.டி.கே. தீர்ப்பு வந்தபின் விலகினார். முன்கூட்டியே விலகியதற்குக் குற்ற உணர்ச்சி காரணம் என்று நாம் நினைக்கிறோம். நடந்ததைப் பார்த்தால், விசாரணையில் பேர் அடிபட்டவர் கடைசியில்தான் போகிறார், பேர் அடிபடாதவர் முதலிலேயே போய்விடுகிறார். டி.டி.கே. 1962இல் முத்துக்குளித்துறையை ஒட்டிய நம் திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியிலிருந்துதான் மறுபடி நாடாளுமன்றம் போனார், போட்டியே இல்லாமல். எதிர்த்து யாரும் நிற்காததால், 1958இல் நடந்தது சரியா தவறா என்று ஓட்டுப் போட்டுச் சொல்லும் வாய்ப்பு இந்தக் கரை மக்களுக்குக் கிடைக்காமலே போயிற்று. அதில் எனக்கு இன்றும் ஒரு குறை உண்டு.

விபத்தோ ஊழலோ ஏதும் இல்லாமல் நடந்த ராஜினாமாக்களும் உண்டு. கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று தாமே ஒரு திட்டத்தைச் சொல்லி, 1963 அக்டோபர் 2ஆம் தேதி முதலமைச்சர் பதவியை விட்டவர் காமராசர். அதே திட்டத்தில் அப்போது உள்துறை அமைச்சராக இருந்த சாஸ்திரியும் விலகினார். என்ன தப்பு செய்தார்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு விபத்துக்கும் ஓர் அமைச்சர் விலகிக்கொண்டே இருந்தால் நாடு நடக்குமா என்றும் கேட்கலாம். நடக்காது, அப்படி யாரும் கேட்கவும் இல்லை. ஒரு வண்டி தடம் புரண்டதற்கெல்லாம் கடிதம் எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒரே ஆண்டில், ஒரே துறையில், ஒரே மாதிரி, பாலம் போய் இரண்டாம் முறையும் நூறு பேருக்கு மேல் இறந்தால்? முதல் முறை நேரு மறுத்ததும் சரி, இரண்டாம் முறை ஏற்றதும் சரி என்று நான் நினைப்பது இதனால்தான். பிறகு வந்தவர்களில் 1999 ஆகஸ்டில் மேற்கு வங்கத்துக் கைசாலில் இரண்டு ரயில்கள் மோதியபோது நிதிஷ் குமார் ரயில்வேயை விட்டு விலகினார். அப்படி விலகியவர்களை எண்ண ஒரு கை விரல் போதும்.

தூத்துக்குடியில் உட்கார்ந்து இதைப் பேசும்போது 2018 மே 22ஐ விட்டுவிட்டுப் பேச முடியாது. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன மக்கள் மீது போலீசார் சுட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மறுநாளே மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் மாற்றப்பட்டார்கள். இடமாற்றம் என்பது அரசு தன் ஊழியரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்புவது. அதில் மக்களுக்குப் பதில் ஏதும் இல்லை. காவல்துறை அப்போது முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியின் பொறுப்பில் இருந்தது. அவர் விலக வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அவர் விலகவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. எப்படி நடந்தது என்ற முதல் கேள்வி அதனிடம் போயிற்று. அது முறைதான். இரண்டாவது கேள்வியையும் அதோடு சேர்த்து ஆணையத்திடமே அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம். சுடச் சொன்னது யார் என்று கண்டுபிடிக்க ஆண்டுகள் ஆகலாம். காவல்துறை யார் கையில் இருந்தது என்று கண்டுபிடிக்க ஆணையம் வேண்டியதில்லை.

இறுதி அறிக்கை 2022 மே மாதம் அரசிடம் தரப்பட்டது. அக்டோபர் 18ஆம் தேதி பேரவையில் வைக்கப்பட்டது. பல காவல் அதிகாரிகள் மீதும் வருவாய்த்துறை அதிகாரிகள் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அதற்குள் 2021 மே மாதத்தில் ஆட்சி மாறியிருந்தது. 2018இல் காவல்துறையைக் கையில் வைத்திருந்தவர் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். ராஜினாமா செய்ய அவரிடம் அப்போது அந்தப் பதவி இல்லை.